'செல்ஃப்-சப்போர்ட்டிங்': ஓர் ஆங்கிலச் சொல்லும் செங்கற்பட்டுச் சபைகளும்

நம் குருசேகரங்களின் ஆண்டறிக்கைகளிலும் பேராய மன்றங்களின் நடவடிக்கைக் குறிப்புகளிலும் ஓர் ஆங்கிலச் சொல் நெடுங்காலமாகத் தங்கிவிட்டது. 'செல்ஃப்-சப்போர்ட்டிங்' என்பது அச்சொல். சுய ஆதரிப்புச் சபை என்று சிலர் இதனைத் தமிழ்ப்படுத்துவர். தற்சார்புச் சபை என்பர் வேறு சிலர். பலர் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவர். ஒரு சபை தன் ஆயரின் ஊதியத்தையும், ஆலயச் செலவையும், பேராயத்திற்குச் செலுத்தவேண்டிய பங்கையும் தன் காணிக்கையாலேயே நிறைவு செய்யுமாயின் அது இப்பெயரைப் பெறுகிறது. அவ்வாறு இயலாத சபை 'உதவி பெறும் சபை' எனப்படும். இது வெறும் கணக்கெழுத்துச் சொல்லன்று. எந்தச் சிற்றூருக்குத் தனி ஆயர் கிடைப்பார், எந்தச் சிற்றூர் ஏழெட்டு ஊர்களோடு சேர்ந்து ஓர் ஆயரை எதிர்நோக்கித் திங்களுக்கொருமுறை திருவிருந்து பெறும் என்பதை இச்சொல்லே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. ஆதலின் இது எங்கே பிறந்தது, எப்பொருளில் வழங்கியது, செங்கற்பட்டுப் பகுதியில் எத்தகைய நிலத்தில் வந்து விழுந்தது என்பவற்றை ஆராய்வது நம் கடமையாகிறது. நாம் கூற விழைவது ஒன்றே. இச்சொல்லில் உள்ள 'செல்ஃப்' தோற்றத்தில் பன்மைப் பொருளுடையது. நம் கணக்கேடுகளில் அது ஒருமையாகிவிட்டது.

முதலில் சொல்லின் அமைப்பைக் காண்போம். 'செல்ஃப்' என்பதை முன்னே கொண்ட தொகைச்சொற்கள் ஆங்கிலத்தில் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெருகத் தொடங்கின. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், குறிப்பாக இறையியல் நூல்களிலும் மெய்யியல் நூல்களிலும், அவை மழைக்காலக் காளான்போல் முளைத்தன. அவற்றுள் சில ஐம்பதாண்டு வாழ்ந்து மறைந்தன, பல நிலைத்துவிட்டன. கிரேக்கத்தில் 'அவுட்டோ' என்று தொடங்கும் சொற்கள் இவற்றுள் பலவற்றிற்கு முன்மாதிரியாக அமைந்தன. நம் இலக்கண முறையில் நோக்கினால் இவை வேற்றுமைத்தொகைகள். ஆனால் தொக்கு நிற்கும் உருபு எல்லாவற்றிலும் ஒன்றன்று. 'செல்ஃப்-டாட்' என்பது தன்னால் கற்பிக்கப்பட்ட என விரியும். அங்கே மூன்றாம் வேற்றுமை. 'செல்ஃப்-சஃபிஷியன்ட்' என்பது தனக்குப் போதுமான என விரியும். அங்கே நான்காம் வேற்றுமை. நம் சொல்லாகிய 'செல்ஃப்-சப்போர்ட்டிங்' தன்னைத் தாங்குகிற என விரிவதால் இரண்டாம் வேற்றுமைத்தொகையாகும். தாங்குவதும் தாங்கப்படுவதும் ஒன்றே என்பது இதன் பொருள்.

அந்த ஒன்று யார்? இவ்வினாவிற்கு ஆங்கிலச் சொல் விடை தருவதில்லை. தனித்து வரும்போது 'ஹிம்செல்ஃப்' என்றும் 'தெம்செல்வ்ஸ்' என்றும் ஒருமை பன்மை காட்டும் ஆங்கிலம், தொகையில் அவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. ஒரு மனிதனும் 'செல்ஃப்-சப்போர்ட்டிங்'. ஒரு நாடும் 'செல்ஃப்-சப்போர்ட்டிங்'. தமிழ் அவ்வாறு விழுங்க விடாது. தான் என்றால் ஒருமை, தாம் என்றால் பன்மை. தன்னை என்பதும் தம்மை என்பதும் ஒன்றல்ல. தமிழில் இச்சொல்லை முறையாகப் பெயர்க்க முனைந்திருந்தால், தாங்குவது ஒருவரா பலரா என்று நம் முன்னோர் கேட்டே தீரவேண்டியிருந்திருக்கும். ஆனால் நம் சபைத்தமிழ் வடமொழிச் சார்பான 'சுய' என்பதைக் கைக்கொண்டது. அதுவும் ஆங்கிலத்தைப் போன்றே எண்ணைக் காட்டாத சொல். கேட்கப்படவேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போயிற்று.

வேதாகம ஆங்கிலத்தில் இக்குடும்பச் சொற்களுக்கு நல்ல பெயர் இல்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடலாம். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தீத்து 1:7-லும் 2 பேதுரு 2:10-லும் 'செல்ஃப்-வில்ட்' என்ற சொல் வருகிறது. இரண்டிடத்திலும் கடிந்து கூறுவதற்கே வருகிறது. 2 தீமோத்தேயு 3:2-இல் கடைசி நாட்களின் மாந்தருக்கு வழங்கும் முதற்பெயர் நம் மொழிபெயர்ப்பில் 'தற்பிரியர்' என்பதாம். தன்னை வெறுத்தல் சீடனின் இலக்கணமாயிருக்க, தன்னைத் தாங்குதல் சபையின் இலக்கணமானது எவ்வாறு? அதற்கு நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஏழையர் வாழ்வைப் பார்க்கவேண்டும்.

1823-இல் வார்விக்ஷயரிலுள்ள சௌதம் என்னும் சிற்றூரில் ஹென்றி லில்லி ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் ஒரு மருந்தகத்தை நிறுவினார். அதற்கு அவர் இட்ட அடைமொழி இந்தச் சொல்லே. அதுவரை ஏழைகள் மருந்து பெறவேண்டுமாயின் செல்வரின் பரிந்துரைச் சீட்டு வேண்டும். அல்லது ஊரார் வரிப்பணத்தில் வாழும் இரவலர் என்ற பெயரை ஏற்கவேண்டும். ஸ்மித்தின் ஏற்பாட்டில் உழைப்பாளர் வாரந்தோறும் சிறு காசு கட்டினர். நோய் கண்டபோது உரிமையோடு மருந்து பெற்றனர். நலமாயிருப்போர் கட்டிய காசில் நோயுற்றோர் தாங்கப்பட்டனர் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். எந்தத் தனியாளும் அங்கே தன்னைத் தாங்கிக்கொள்ளவில்லை.

எனினும் அக்காலத்துக் காற்று வேறாக வீசியது. 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம், உடல் வலுவுள்ள ஏழைக்கு வீட்டிலிருந்தபடி உதவி கிடைப்பதைத் தடுத்து, அவனைப் பணிவிடுதிக்குள் அனுப்பவே முனைந்தது. உதவி பெறுவது ஒழுக்கக் குறைவின் அடையாளம் என்ற எண்ணம் பரவியது. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ஃப்-ஹெல்ப்' என்னும் நூல் 1859-இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றதும் இக்காற்றில்தான். ஆக, நம் சொல் அருட்பணித் துறைக்குள் நுழைந்தபோது இரண்டு மணங்களைச் சுமந்து வந்தது: இரவாமல் வாழும் மானம் ஒன்று, இரப்போர் மீதுள்ள ஐயம் மற்றொன்று.

இதனை அருட்பணித் துறைக்குள் கொண்டுவந்தவர் ஹென்றி வென். 1796-இல் பிறந்த இவர் 1841 முதல் 1872 வரை சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக இருந்தார். அவர் பொறுப்பேற்ற வேளையில் சங்கம் பணமுடையில் தவித்தது. அதே 1796-இல் அமெரிக்காவில் பிறந்த ரூபஸ் ஆண்டர்சன், அமெரிக்கன் போர்டு சங்கத்தின் செயலராக ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். தன்னைத் தாங்கும், தன்னை ஆளும், தன்னைப் பரப்பும் சபை என்பதே அம்மூவகை அடைமொழி. ஆண்டர்சன் 1854-55-இல் மதுரைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் நேரில் வந்து, ஆங்கிலக் கல்விக்குச் செலவிடுவதைக் குறைத்துத் தாய்மொழி ஊழியத்தையும் உள்நாட்டு ஆயர்களையும் வலியுறுத்தினார். வட்டுக்கோட்டைக் குருத்துவக் கல்லூரி 1855-இல் மூடப்பட்டதற்கு இவ்வருகையே காரணம். அது நன்மையா தீமையா என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் வாதிடலாம்.

வென்னின் கருத்தை நாம் அடிக்கடி அரைகுறையாகவே நினைவுகூர்கிறோம். அச்சொல்லால் அவர் சோதிக்க விரும்பியது உள்நாட்டுச் சபையையன்று; மிஷனைத்தான். மிஷன் என்பது கட்டடம் எழுப்பும்போது கட்டும் சாரம். சுவர் நின்றபின் சாரம் அகலவேண்டும். மிஷன் நல்லமுறையில் மரித்தல் என்று அவர் வழங்கிய தொடர் இதனையே குறிக்கும். 1851-இல் உள்நாட்டுப் போதகர்களைக் குறித்தும், 1861-இல் உள்நாட்டுச் சபைகளின் அமைப்பைக் குறித்தும் அவர் வரைந்த குறிப்புகளில், பணத்திற்கு அவர் வகுத்த வழி கவனிக்கத்தக்கது. விசுவாசிகள் சிறு கூட்டங்களாகச் சேர்வர். அவர்தம் காணிக்கை உள்நாட்டுச் சபையின் பொதுநிதிக்குச் செல்லும். ஆயரின் ஊதியம் அந்தப் பொதுநிதியிலிருந்து வரும். எந்தச் சிற்றூரும் தன் ஆயரைத் தான் ஒன்றாகவே தாங்கவேண்டும் என்று அவர் கூறவில்லை. அவருடைய 'செல்ஃப்' ஒரு சபைக்கூட்டமன்று, ஒரு நாட்டின் திருச்சபை.

செங்கற்பட்டுக்கு வந்தவர்களோ சி.எம்.எஸ். சங்கத்தார் அல்லர், ஸ்காத்லாந்தார். ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் கல்விப்பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளுள் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் நெல்லூரிலும் கிளைப்பள்ளிகள் எழுந்தன. 1843-இல் ஸ்காத்லாந்துத் திருச்சபை பிளவுண்டபோது இவர்கள் அனைவரும் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் நின்றனர். அப்பிளவில் நானூற்றுக்கும் மேற்பட்ட குருமார் அரசின் ஆதரவில் தாங்கள் பெற்றுவந்த ஊதியத்தையும் குருமனையையும் ஒரே நாளில் துறந்து வெளியேறினர். பின்னர் அவர்கள் எவ்வாறு உண்டனர்? தாமஸ் சால்மர்ஸ் வகுத்த பராமரிப்பு நிதியால் உண்டனர். செல்வச் சபையும் வறிய சபையும் தத்தமக்கு இயன்றதை ஒரே நடுநிதியில் இட்டன. அதிலிருந்து குருமாருக்குச் சமமான பங்கு அளிக்கப்பட்டது. எடின்பரோவின் வணிகர் சபை இட்ட பணம் வடபுல மலைநாட்டின் குடிசைச் சபைக்கு ஆயரைக் கொடுத்தது. ஸ்காத்லாந்தின் சுதந்திரத் திருச்சபை தன்னைத் தாங்கிய சபை என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்திருச்சபையின் மலைநாட்டுச் சபைகளுள் பல நம் ஆண்டறிக்கைக் கணக்கின்படி 'உதவி பெறும் சபை' என்றே எழுதப்பட்டிருக்கும்.

திருநெல்வேலியைப் பார்த்துத் தொண்டை நாட்டுச் சபைகளை நாணச் செய்வது நம்மிடையே பழைய வழக்கம். திருநெல்வேலியில் பெண்கள் உலையிலிடும் அரிசியில் ஒரு கைப்பிடியை எடுத்துவைத்துக் காணிக்கையாகப் படைத்தனர். அச்சபைகள் விரைவில் தம் காலில் நின்றன. செங்கற்பட்டார் ஏன் அவ்வாறு செய்யவில்லை என்பர். கைப்பிடி அரிசியின் மேன்மையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அங்கே அரிசிக்கு முன்னே நிலம் வந்தது. துன்புறுத்தப்பட்ட விசுவாசிகள் குடியேற நிலம் வாங்கி 1799-இல் அமைக்கப்பட்ட முதலூரே இதற்குச் சான்று. ரேனியுஸ் ஐயர் காலத்தில், 1830-இல், தருமசங்கம் தோன்றியது. விசுவாசிகளின் பணத்தைத் திரட்டி, கிறிஸ்தவ ஊர்களுக்கு மனையும் நிலமும் வாங்குவதே அதன் வேலை. வென் தம் சொல்லை வழங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பெயர் சூட்டாமலே, அப்பொருள் அங்கே வாழ்ந்தது. நிலமும் பனையும் உடையவன் கைப்பிடி அரிசியையும் எடுத்துவைக்க முடியும்.

இனிச் செங்கற்பட்டின் நிலைமையைச் சற்று விரிவாகக் காணவேண்டும்.

தொண்டைமண்டலத்து ஊர்களில் நிலவுரிமைக்குக் காணியாட்சி என்று பெயர். முகமதியர் ஆட்சியில் வந்த அரபிச் சொல்லால் அதனை மிராசு என்றனர். மரபுரிமை என்பது அதன் பொருள். எல்லிஸ் துரை 1816-இல் இவ்வுரிமையைப் பற்றி நீண்ட விடைகள் எழுதினார். காணியாளர் அல்லது மிராசுதாரருக்கு விளைநிலத்தில் மட்டுமன்றிப் புறம்போக்கிலும் தரிசிலும் உரிமை பேசப்பட்டது. களத்துமேட்டில் அவர்களுக்குச் சேரவேண்டிய தானியப் பங்குகளுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். இச்சொல்லின் வரலாறு வியப்புக்குரியது. 'ஸ்வ' என்றால் தன். 'தந்திரம்' என்றால் ஆட்சிமுறை. அதாவது வென்னின் மூன்று அடைமொழிகளுள் ஒன்றாகிய 'தன்னை ஆளும்' என்பதற்கு வடமொழியில் உள்ள நேர்ச்சொல்லே, செங்கற்பட்டுக் களத்துமேட்டில் நிலமுடையோரின் நெற்பங்கைக் குறித்தது. நம் வேதாகமத் தமிழில் அது 'சுதந்தரம்' என்றாகி, பிதாவின் சொத்தில் பிள்ளைக்குள்ள உரிமையைக் குறிக்கிறது. ரோமர் 8:17-இல் நம்மைச் 'சுதந்தரர்' என்றழைப்பதும் இதுவே.

இச்சுதந்திரம் இல்லாதவன் படியாள். அவன் கூலி படியால் அளக்கப்பட்டது. கலியாணத்திற்கோ சாவிற்கோ வாங்கிய சிறு கடனால் தலைமுறை தலைமுறையாக ஒரு மிராசுதாரரிடம் கட்டுண்டு கிடந்தான். சேரியில் அவன் குடிசை நின்ற மனையும் அவனுடையதன்று. முறைத்துப் பார்த்தால் மனையை விட்டு இறங்கவேண்டியதுதான். தரிசு நிலத்திற்கு அவன் தர்காஸ்து, அதாவது விண்ணப்பம், கொடுத்தாலோ, அந்நிலத்தைத் தாமே எடுத்துக்கொள்ள மிராசுதாரருக்கே முதலுரிமை இருந்தது. செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹியர் 1891-இல் அரசுக்கு அனுப்பிய குறிப்பில் இவற்றையெல்லாம் எடுத்துக் காட்டினார். செங்கற்பட்டில் ஸ்காத்லாந்து மிஷனைச் சார்ந்த ஆதாம் ஆண்ட்ரூ ஐயரும், அந்நாளில் இம்மாவட்டத்தைச் சார்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த வில்லியம் கௌடி ஐயரும் இதே காலத்தில் இதற்காக எழுதியும் வாதாடியும் வந்தனர். 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறையின் 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. கலெக்டர் கேட்டதினும் குறைவாகவே அது கொடுத்தது. ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் வழக்கத்திற்கு அதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது. பஞ்சமி நிலம் என்று இன்று வழங்குவது இவ்வழியில் வந்ததே.

இப்பொழுது நம் சொல்லை இந்நிலத்தில் வைத்துப் பார்ப்போம். கல்விச்சாலை வழியாக உயர்குலத்தாரை நோக்கித் தொடங்கிய ஸ்காத்லாந்துப் பணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சேரிகளை நோக்கித் திரும்பிற்று. சபையில் சேர்ந்தோர் பெரும்பாலும் படியாட்கள். தன் மனையில் தான் நிற்க இயலாதவனிடம், உன் சபை தன்னைத்தான் தாங்குகிறதா என்று கேட்பது என்ன கேள்வி? அவன் தாங்கிக்கொண்டிருந்தது மிராசுதாரரை. அவர் ஆலயத்தை, அவர் வீட்டுக் கலியாணத்தை, அரசுக்கு அவர் கட்டிய தீர்வையை. மாவட்டம் முழுவதையும் தாங்கியவன் தன்னைத் தாங்காதவன் என்று எழுதப்பட்டான். ஆண்ட்ரூ ஐயருக்கு இது விளங்கியிருந்தது என்பதற்கு அவருடைய செயலே சான்று. செங்கற்பட்டுக்கு அருகில் மெல்ரோசாபுரம் போன்ற வேளாண் குடியேற்றங்களை மிஷன் உண்டாக்கியது. நிலம் பெற்று, கிணறு தோண்டி, குடிகளை அமர்த்தியது. மிஷனே நிலக்கிழாராவதில் இருந்த இடர் வேறு கட்டுரைக்கு உரியது. மிராசுதாரர் இருந்த இடத்தில் ஐயர் வந்தமர்ந்தார் என்று குறை கூறுவோர்க்கும் சிறிது நியாயம் உண்டு. ஆனால் அடைமொழிக்கு முன்னே அடிமனை வேண்டும் என்ற அறிவு அச்செயலில் இருந்தது.

இதே மண்டலத்தில் 'தன்னை ஆளும்' என்பதற்குப் பழைய சான்றாகக் காட்டப்படுவது உத்திரமேரூர். முதற்பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. இந்தியக் குடியாட்சியின் தொட்டில் என்று நாம் அதைப் புகழ்கிறோம். புகழத்தக்கதே. ஆயினும் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு வகுத்த தகுதிகளைப் படிக்கவேண்டும். வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்கவேண்டும். தன் சொந்த மனையில் வீடெடுத்து வாழவேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும். நிலம், மனை என்னும் இவ்விரண்டுமே, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ட்ரெமன்ஹியர் படியாளிடம் காணாதவை. தன்னை ஆளுவதற்கு முன் 'தான்' என்று எண்ணப்படவேண்டுமே.

செங்கற்பட்டிலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றத்தைக் கடந்து மாமல்லபுரக் கரைக்குச் சென்றால் வேறொரு வகைத் 'தாம்' காணப்படும். கரையோரக் குப்பங்களில் பட்டினவர் ஊர்ப் பஞ்சாயத்து நெடுங்காலமாக நிலவிவருகிறது. மணமான ஒவ்வோர் ஆண்மகனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி வாங்கித் திருவிழா நடத்துவதும், வழக்குத் தீர்ப்பதும், வலைக்கும் துறைக்கும் ஒழுங்கு வகுப்பதும் ஊரே. இக்குப்பங்களில் பெரும்பாலானவை கிறிஸ்தவ ஊர்களல்ல. ஆனால் வெளியார் பணமின்றித் தம்மைத் தாமே தாங்கும் கூட்டம் எவ்வாறிருக்கும் என்று அறிய விரும்பும் இறையியல் மாணவர் லண்டன் குறிப்புகளைப் படிப்பதோடு இக்குப்பங்களுக்கும் ஒருமுறை சென்று வரலாம். இன்று மீன் கிடைத்தவனும் கிடைக்காதவனும் ஒரே ஊர்க்கணக்கில் இருப்பதால் கடல் பொய்த்த நாளிலும் ஊர் நிற்கிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது சோழமண்டலக் கரையின் குப்பங்கள் பலவும் நிவாரணத்தைத் தலைக்கட்டுப்படி பங்கிட்டன. பெரும்பாலோர்க்கு அது நேர்மையான பங்கீடே. ஆனால் தலைக்கட்டில் பெயரில்லாத கைம்பெண்களும், கரையை அண்டிக் கூலிவேலை செய்த தலித் குடும்பங்களும் பல இடங்களில் விடுபட்டனர். பன்மையும் தன் வேலியைப் பார்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

வென்னுக்குப் பின் இச்சொல் நடந்த வழியை விரைவாகக் கூறிவிடலாம். அவர் நம்பிக்கையின் சின்னமாக 1864-இல் பேராயரான ஆப்பிரிக்கர் சாமுவேல் குரோதர், தம் இறுதி ஆண்டுகளில் இளம் வெள்ளை மிஷனரிகளால் அதிகாரம் பறிக்கப்பட்டு, ட்ரெமன்ஹியர் குறிப்பெழுதிய அதே 1891-இன் கடைசி நாளில் மரித்தார். நம் நாட்டில் அசரியா முதலானோர் 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தையும், 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தையும் இந்தியப் பணத்தாலும் இந்திய நிர்வாகத்தாலும் தொடங்கினர். சீனத்திலிருந்து நீவியஸ் கூறிய முறை 1890-இல் கொரியாவுக்குச் சென்று வேரூன்றிற்று. சீனத்திலோ மூன்று 'தான்'களின் பெயரால் 1954-இல் ஓர் இயக்கமே அமைந்து, அடைமொழி அரசியற் சொல்லாயிற்று. 1971-இல் கென்யாவின் ஜான் காட்டு, மேலைநாட்டுப் பணமும் ஆட்களும் சிறிதுகாலம் நிற்கட்டும் என்றார். 1985-இல் பால் ஹீபர்ட், தன் இறையியலைத் தானே சிந்திக்கும் சபை என்று நான்காவது அடைமொழியைச் சேர்த்தார். நான்காவது வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் முதல் மூன்றிலும் உள்ள 'செல்ஃப்' யார் என்று அவர்களுள் பெரும்பாலோர் நின்று கேட்கவில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வென்னின் சாரம் ஏறக்குறைய அகன்றது. ஆயினும் சபையைக் கூறுபோட்டு, தாங்குவன, தாங்கப்படுவன என்று பிரிக்கும் பழக்கம் அகலவில்லை. நகர்ச்சபை ஒன்று தன் செலவு போக மிகுதியைக் கட்டடத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கித் 'தன்னைத் தாங்கும்' பெயரோடு விளங்க, அதே பேராயத்தின் சேரிச்சபை 'உதவி பெறும்' பெயரோடு பின்வரிசையில் அமர்கிறது. அந்நகர்ச்சபையின் அங்கத்தினர் பலருடைய பாட்டனார் எந்தச் சேரியிலிருந்து மிஷன் விடுதிக்கு வந்து கற்றார் என்று கேட்டால் கணக்கு மாறிவிடும்.

நிலத்தின் கணக்கும் முடிந்துவிடவில்லை. ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்குப் போனதை எதிர்த்து எழுந்த போராட்டங்களுள் ஒன்று மாமல்லபுரப் பகுதியிலுள்ள காரணைக் கிராமத்தில் நடந்தது. அதனையொட்டி 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் பெயர் நம் ஞானஸ்நானப் பதிவேடுகளில் காண்பது போன்றது; மற்றவர் பெயர் ஏழுமலையானுடையது. நிலம் கேட்டபோது அவர்கள் ஒரே 'தாம்' ஆயிருந்தனர். அந்நாள் நம் சபை நாட்காட்டிகளில் இடம்பெறவேண்டும் என்பது எம் கருத்து.

லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தை நம் மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கியபோது, யூபிலி ஆண்டில் ஒவ்வொருவனும் திரும்பிச் செல்லவேண்டிய உடைமைக்கு அவர்கள் தேர்ந்த சொல் 'காணியாட்சி'. எல்லிஸ் துரை ஆராய்ந்ததும், படியாளுக்கு மறுக்கப்பட்டதும் ஆகிய அதே சொல். செங்கற்பட்டுச் சேரியில் அவ்வதிகாரம் வாசிக்கப்பட்டபோது கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. அதே அதிகாரத்தின் 35-ஆம் வசனம், கையிளைத்துப்போன சகோதரனை என்ன செய்யவேண்டும் என்று கூறுமிடத்தில் நம் மொழிபெயர்ப்பு 'ஆதரி' என்ற வினையை ஆள்கிறது. எபிரெய மூலத்தின் வினை பற்றிப் பிடித்து உறுதிப்படுத்துதலைக் குறிக்கும். 'சுய ஆதரிப்பு' என்னும் நம் சபைச்சொல்லில் உள்ள வினையும் ஆதரித்தலே. ஆனால் அங்கே செயப்படுபொருள் சகோதரன், தான் அன்று.

புதிய ஏற்பாட்டில் நம் அடைமொழிக்கு மிக நெருங்கிய கிரேக்கச் சொல் 'அவுத்தார்க்கேஸ்' என்பது. தன்னில் தான் நிறைவுடையவன் என்னும் பொருளில் இதனை ஸ்தோயிக்கர் தம் ஞானிக்குச் சூட்டினர். பவுல் இதனை எடுத்தாளும் இடங்களுள் இரண்டை ஒப்பிடலாம். 2 கொரிந்தியர் 9:8-இல் இதன் பெயர்ச்சொல் வருகிறது. இரண்டு அதிகாரங்களும் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டுவதைப் பற்றியவை. நிறைவு வேண்டுவது பிறர்க்கு நற்செய்கைகளில் பெருகுவதற்காக. அங்கே முன்னிலைப் பெயர் பன்மை, வினையெச்சமும் பன்மை. பிலிப்பியர் 4:11-இலோ சிறையிலிருக்கும் பவுல் தம்மைப்பற்றிப் பேசுகிறார், நம் மொழிபெயர்ப்பு 'மனரம்மியம்' என்று பெயர்க்கிறது, வினை ஒருமை. ஸ்தோயிக்கரின் ஞானி அந்த ஒருமையோடு நின்றுவிடுவான். பவுலின் கடிதமோ எப்பாப்பிரோதீத்துவின் கையில் பிலிப்பியர் கொடுத்தனுப்பிய காணிக்கையைப் பெற்றுக்கொண்டதாக ஏழு வசனங்களுக்குப் பின் எழுதிய பற்றுச்சீட்டோடு முடிகிறது.